கனவு வீடுகள்: ஓர் ஓவிய மாணவியின் சலனப்படங்கள்

ஓவியம் அசையாதது, அசையாமையே அதன் வலிமை என்று சொல்லிப் பழகியவர் நாம். சுவரில் எழுதிய பாவை இமையாது நிற்பதனாலேயே காண்பவன் தன் உள்ளத்தால் அதனை அசைத்துக் கொள்கின்றான் என்பது பழைய கொள்கை. அக்கொள்கையில் ஊறிய ஆசிரியர் ஒருவர், தம் மாணாக்கன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கமராவைக் கையிலெடுக்கக் கண்டால், சற்றே மனங் கலங்குதல் இயல்பு. வரைதற்குப் பொறுமையில்லாமையாலோ இவன் படம்பிடிக்கப் புகுந்தான் என்று அவர் ஐயுறுவார். கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட இக்காலத்தில், யாழ்ப்பாணத்து ஓவிய வகுப்புகளுக்கும் இவ்வையம் தொலைவில் உள்ளதன்று. இதனைப் பொதுப்பட விவாதித்தல் எளிது, பயன் குறைவு. இத்தகைய முயற்சி ஒன்றனை எடுத்துக்கொண்டு, அது எதனைச் செய்தது, எதனைச் செய்யத் தவறியது என்று நிறுத்துப் பார்த்தலே தக்கது.

யாம் எடுத்துக்கொள்வது நளினி மலானி என்னும் அம்மையார் தம் இருபத்து மூன்றாம் வயதிற் செய்த சில படங்களை. 1946ஆம் ஆண்டு கராச்சியிற் பிறந்து, அடுத்த ஆண்டின் நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்து கல்கத்தாவிலும் பின்னர்ப் பம்பாயிலும் வளர்ந்தவர் அவர். 1964 முதல் 1969 வரை பம்பாய் சேர் ஜே. ஜே. கலைக்கல்லூரியில் ஓவியம் பயின்றார். இன்று உலகம் அறிந்த கலைஞர்; 2023ஆம் ஆண்டிற்குரிய கியோத்தோப் பரிசினைப் பெற்றவர். ஆயினும் அப்புகழை ஈண்டு மறந்துவிடுதல் வேண்டும். பின்னர்ப் பெரியவரானவரின் இளமைப் பயிற்சிகளையெல்லாம் பெருமையின் முளைகளாகக் காண்பது திறனாய்வன்று. அது சாதகம் பார்த்தலின் தலைகீழ் வடிவம்.

1969இல் ஓவியர் அக்பர் பதம்சீ, தமக்குக் கிடைத்த ஜவகர்லால் நேரு புலமைக்கொடையைத் தமக்கென்றே வைத்துக்கொள்ளாது, அதனைக் கொண்டு பம்பாயில் ஒரு பட்டறையை அமைத்தார். பதினாறு மில்லிமீற்றர்க் கமரா ஒன்று, படத்தொகுப்புக் கருவி, செதுக்குப்பட அச்சுக்குரிய பொறி ஆகியன அங்கு இருந்தன. ஓவியரும் திரைப்படக்காரரும் ஒளிப்படக்காரரும் ஓரிடத்திற் கூடித் தத்தம் பார்வைகளைப் பரிமாறிக்கொள்ளல் வேண்டும் என்பதே நோக்கம். பட்டறையின் பெயரும் பார்வைப் பரிமாற்றம் என்றே பொருள்படுவது. 1972 வரை அது நடந்தது. புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் தம் கொடைப்பணத்தாற் கமரா வாங்கி, கல்லூரிப் படிப்பு முடிந்தும் முடியாத ஓர் இளம்பெண்ணின் கையிற் கொடுத்தார் என்பது கலை வரலாற்றிற் சிறு செய்தியன்று. மலானி அம்மையார் தம் முதற் படங்களை அங்கேயே செய்தார்.

அவற்றுள் முதன்மையானது 'கனவு வீடுகள்'. எட்டு மில்லிமீற்றர் வண்ணப்படம். சில நிமிடங்களே ஓடுவது. கதையில்லை, மனிதரில்லை. மாணவி சிறு கட்டட மாதிரி ஒன்றைத் தாமே அமைத்தார். அதன்மீது பல நிற ஒளிகளைப் பாய்ச்சி, சட்டம் சட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்தார். எட்டு மில்லிமீற்றர்ப் படம் ஒரு செக்கனுக்குப் பதினாறு முதற் பதினெட்டுச் சட்டங்கள் வரை ஓடுவது. ஆகவே நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு சட்டத்திற்கும் ஒளியைச் சிறிது மாற்றிக் கமராவின் விசையை ஒருமுறை அழுத்தல் வேண்டும். வரைதற்குப் பொறுமையில்லாதவர் செய்யும் வேலையோ இது? பாய் பின்னுகின்றவளின் பொறுமை இதற்கு வேண்டும்.

திரையில் நாம் காண்பது யாது? சுவர்கள் சிவந்து, பின் நீலமாகி, மஞ்சளில் உருகுகின்றன. வாயில் என்று எண்ணியது நிழலாகின்றது; நிழல் என்று விட்டது சுவராகி நிற்கின்றது. கனமுள்ள கட்டடம் ஒன்று ஒளியால் மட்டுமே கட்டப்பட்டதுபோல மயக்கம் தருகின்றது. வண்ணத்தைக் குழைத்துத் துணியில் இடும் ஓவியனுக்கு ஒரு நிறம் இன்னொன்றாக மாறும் கணம் எப்போதும் தப்பிவிடும். அவனிடம் எஞ்சுவது மாறி முடிந்த நிறம். மாறுதலையே பொருளாகக் கொள்ளலாம் என்பதை இம்மாணவி கமராவின்மூலம் கண்டார். இதனையே இப்படத்தின் பேறு என்பேன்.

குறையும் உண்டு. ஒளியையும் பொருளையும் இவ்வாறு மோதவிடும் முறை புதியதன்று. ஹங்கேரியரான லாஸ்லோ மோகோலி நாகி 1930ஆம் ஆண்டிலேயே உலோகக் கருவியொன்றைச் சுழலவிட்டு, கருமை வெண்மை சாம்பல் என்னும் மூன்றனையும் கொண்டு ஒளி நாடகம் ஒன்றனைப் படமாக்கியிருந்தார். அவருடைய செல்வாக்கு 'கனவு வீடுகளில்' வெளிப்படையாகவே தெரிகின்றது. கட்டடக்கலைஞர் சார்ள்ஸ் கொறயா முதலியோரின் புதுமை வேட்கையும் அதனுட் புகுந்துள்ளது. 1960களின் நடுப்பகுதியிலே கொறயாவும் அவருடைய நண்பர் இருவரும், நெருக்குண்ட பம்பாய்க்கு எதிர்க்கரையிற் புதிய நகரொன்றனைக் கட்டலாம் என்று திட்டம் வரைந்திருந்தனர். நேரு காலத்து நம்பிக்கை அது. நல்ல கட்டடம் நல்ல வாழ்வைத் தரும் என்று படித்த இளைஞர் மெய்யாகவே நம்பிய காலம். அந்நம்பிக்கையை மாணவி ஐயமின்றி ஏற்றுக்கொண்டார் என்பது படத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் தெரியும். வீடு என்று பெயரிட்டவர் அதனுள் ஒரு பாயை விரிக்கவில்லை; அடுப்பை மூட்டவில்லை; ஒருவரையும் குடியிருத்தவில்லை. அழகிய வெறுமை. தனித்து நோக்குமிடத்து இஃது ஒரு திறமையான வண்ணப் பயிற்சி என்பதற்குமேற் சொல்லத் துணியேன்.

அதே ஆண்டிற் செய்த ஏனைய இரண்டு படங்கள் கறுப்பு வெள்ளையில் ஆனவை. ஒன்று 'அசையாப் பொருள்' என்னும் ஓவிய வகையின் பெயரையே தாங்கி, அறையொன்றில் உள்ள பொருள்களைக் கமராவின் நகர்வால் தடவிச் செல்வது. அசையாப் பொருள் என்ற பெயருடைய படத்தில் அசைவது பார்ப்பவளின் கண். இச்சிறு முரணில் நல்ல நகைச்சுவை உண்டு. மற்றது கட்டிலிற் கிடந்து தன்னுள் தானே உழலும் இளம்பெண் ஒருத்தியைக் காட்டுவது. பெண்ணுடலைப் பிறர் எழுதிய ஓவியங்களையே வகுப்பறையிற் கண்டு பயின்ற மாணவி ஒருத்தி, அவ்வுடலின் தனிமையை உள்ளிருந்து காட்ட முற்பட்டாள் என்ற அளவில் அதன் துணிவை மதித்தல் வேண்டும். படமாக அது சற்று நீளம்.

பட்டறையை அமைத்தவர் தாமும் வாளாவிருக்கவில்லை. பதம்சீயின் 'சிசிஜி' 1970இல் முடிந்தது. ஞாயிறு, திங்கள், புவி மூன்றும் ஒரே கோட்டில் நிற்றலைக் குறிக்கும் சொல் அது. நமக்கு அமாவாசையும் பூரணையும். ஏறத்தாழ ஆயிரம் கோட்டுருவங்களை வரைந்து, அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனின் துணையோடு, ஒலியற்ற பதினொரு நிமிடப் படமாக்கினார். கோடுகள் கணக்கின்படி பிறக்கின்றன, பெருகுகின்றன, கலைகின்றன. அறிவுக்கு விருந்தெனலாம், ஆயினும் கேத்திரகணிதப் புத்தகத்தைக் காற்றுப் புரட்டுவது போன்ற வறட்சியை யான் அதிற் காண்கின்றேன்.

அக்காலத்தே பம்பாயில் இன்னோர் ஓவியரும் படம் செய்தார். தையப் மேத்தா தம் படத்திற்கு இட்ட பெயர் தமிழர் கவனத்திற்குரியது: 'கூடல்'. 1970ஆம் ஆண்டின் அப்பதினாறு நிமிடப் படத்திற்கு மும்பைக்காரர் ஒருவர் தமிழ்ச் சொல்லையே தேடி எடுத்தார். நமக்கோ கூடல் என்றதும் நான்மாடக் கூடலும், ஊடலின் பின்வரும் கூடலும் நினைவில் எழும். அவர் காட்டுவதோ பாந்திராவின் கொல்களத்து மாடுகளும் நகரத்து மக்கட்கூட்டமும். இருவகைக் கூட்டமும் ஒருங்கே நெரிந்து செல்வதை ஒரு சொல்லால் முடிந்து வைத்தார். இன்பத்தின் சொல்லைக் கொலையின் வாயிலில் மாட்டிய அத்துணிவு, அச்சொல்லின் முழுச் சுமையை அறிந்த தமிழ் வாசகனுக்கே நன்கு உறைக்கும். மேத்தா இளமையிற் படத்தொகுப்பு வேலை பழகியவராதலின், வெட்டும் ஒட்டும் அவர் கைக்கு இயல்பாய் வந்தன. ஓவியர் செய்த படங்களுள் இதுவே முழுமை பெற்றது என்று கருதுகின்றேன்.

அவ்வாறாயின், முழுமைபெற்ற 'கூடலை' விட்டு மாணவியின் 'கனவு வீடுகளை' ஏன் எடுத்தாய் என்று கேட்கலாம். விடை 1976ஆம் ஆண்டில் உள்ளது.

பிரெஞ்சு அரசின் கொடையாற் பாரிசுக்குச் சென்று கற்று மீண்ட மலானி அம்மையார், அவ்வாண்டிற் புதிதாய் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பதினாறு மில்லிமீற்றரில் எடுத்தார். உயர்ந்த கட்டடமொன்றிலிருந்து இளம்பெண் ஒருத்தி நகரை நோக்குகின்றாள். கீழே கிடப்பது பம்பாயின் சேரி. இப்படத்தையும் ஏழாண்டுக்கு முந்திய 'கனவு வீடுகளையும்' அருகருகே இரு திரைகளில் ஒரே வேளையில் ஓடவிட்டார். இரண்டும் சேர்ந்த ஆக்கத்திற்கு 'யுற்றோப்பியா' என்று பெயர். இல்லாத நல்லுலகம் என்பது பொருள். நாலு நிமிடத்திற்கும் குறைவானது.

1976 எத்தகைய ஆண்டு என்பதை நினைவுகூர்தல் வேண்டும். இந்தியாவில் நெருக்கடிநிலை நிலவிய காலம். நகரை அழகுபடுத்தும் பெயராற் குடிசைகள் பெயர்க்கப்பட்டன. பம்பாயில் ஜனதா காலனி அவ்வாண்டு மே மாதத்தில் அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் சீத்தா முகாமுக்குத் துரத்தப்பட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர் பலர். மலானியின் படம் அந்நிகழ்ச்சியைக் காட்டுகின்றது என்று யான் கூறவில்லை. அந்நகரத்தே, அவ்வாண்டிலே, சாளரத்தின் வழியே கீழே நோக்குதல் என்பது எதனை நோக்குதல் என்பதையே குறிக்கின்றேன்.

இப்பொழுது இரு திரைகளையும் ஒருங்கே காண்போம். ஒருபுறம் நிறம், மறுபுறம் நிறமின்மை. ஒருபுறம் ஆளில்லாத வீடு. மறுபுறம் வீடில்லாத ஆள். தனித்து நின்றபோது குறையென நாம் கண்ட அவ்வெறுமை, அருகில் இன்னொன்று வந்து நின்றதும் பொருள் பெற்றுவிடுகின்றது. பழைய படத்தில் ஒரு சட்டத்தையேனும் அவர் மாற்றவில்லை. இளமையின் மயக்கம் என்று ஒளித்து வைக்கவுமில்லை. அதன் பக்கத்திலே அதற்குரிய வினாவை நிறுத்தினார்; அவ்வளவே.

தமிழ்ச் செய்யுளியல் பயின்றோர்க்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்திற் கருப்பொருளின் நிகழ்ச்சி வெளிப்படக் கூறப்படும். தலைமக்களின் நிலை அதனுள் மறைந்து கிடக்கும். கேட்போனே அதனைக் கூட்டி உணர்தல் வேண்டும். 'யுற்றோப்பியா' முற்றிலும் உள்ளுறை என்றல் பொருந்தாது. உள்ளுறையில் இரண்டனுள் ஒன்று மறைந்து நிற்க, இங்கோ இரண்டும் கண்முன் நிற்கின்றன. மறைந்திருப்பது அவற்றிடைத் தொடர்பே. அத்தொடர்பைச் சொல்லும் குரலோ எழுத்தோ படத்தில் இல்லை. அதனைக் கூட்டும் பொறுப்பு நம்முடையதாகின்றது. உரையாசிரியர் இல்லாத செய்யுள்போல அது நிற்கின்றது.

இவ்வாறு ஒவ்வாத இரண்டனைப் பொருத்திப் பொருள் பிறப்பிக்கும் முறைக்கு நம் நாட்டிலேயே முந்திய எடுத்துக்காட்டு உண்டு. 1934ஆம் ஆண்டின் 'இலங்கைப் பாடல்' அது. ஜோன் கிரியேசன் தயாரிக்க, பசில் றைற் இயக்கினார். செலவு இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையினுடையது. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளைப் படிப்பவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ற். அவரும் ஒளிப்படத்திற் பல புதிய சோதனைகளைச் செய்தவர். வாணிபத்தைக் கூறும் பகுதியிலே, திரையில் மக்கள் உழைக்கின்றனர். செவியிலோ சந்தை விலைகளும் வாணிகக் கட்டளைகளும் ஒலிக்கின்றன. கண்ணுக்கும் காதுக்கும் இடையே ஒரு பிளவு. தேயிலையை விற்பதற்கென எடுத்த படத்தினுள் அப்பிளவு எவ்வாறு புகுந்தது என்பது இன்றும் வியப்பே. ஆயினும் கொழுந்து பறிக்கும் அவ்வுழைப்பாளர் யாது நினைத்தனர் என்பதை அப்படம் கேட்கவில்லை. றைற்றின் பிளவு வெளியிலிருந்து வந்தவர் கண்டது. மலானியின் பிளவு தம் கனவிலேயே தாம் கண்டது. பின்னது சிறிய படமாயினும், அதனைச் செய்தற்கு வேண்டிய நேர்மை பெரிது.

இனி, ஆசிரியரின் ஐயத்திற்கு வருவோம். ஓவிய மாணாக்கன் முதலில் வரையக் கற்கட்டும்; சோதனையெல்லாம் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். இலக்கணம் கற்றபின்னரே செய்யுள் என்பது போன்ற முறைமை இது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் சலனப்பட வரலாறு இம்முறைமைக்கு மாறாகப் பல சான்றுகளை வைத்திருக்கின்றது. நோமன் மக்லாறன் 1932இற் கிளாஸ்கோ கலைப்பள்ளியிற் சேர்ந்த மாணவன். படம் காட்டும் பொறி கிடைத்தது, கமரா இல்லை. தேய்ந்துபோன பழைய படச்சுருள் ஒன்றனை நீரில் ஊறவைத்து, அதன்மேற் படிந்த பூச்சைக் கழுவிவிட்டு, வெறும் சுருளிலே நிறமையால் நேரே வரைந்தான். கமரா இன்றியே சலனப்படம்! அக்கன்னி முயற்சி இன்று எஞ்சவில்லை. ஆயினும் பின்னர்க் கனடாவில் அவர் அடைந்த சிறப்புக்கு அடி அங்கேயே இடப்பட்டது. மேலே கூறிய கிரியேசனே அம்மாணவனின் படங்களை ஒரு விழாவிற் கண்டு பணிக்கு அழைத்தவர். இங்கே வரைதலும் சோதனையும் முன்பின்னாக நிற்கவில்லை; வரைதலே சோதனையாயிற்று. மலானிக்கும் அப்படியே: ஒளியால் வரைந்தார், வரைந்ததைக் காலத்தில் ஓடவிட்டார்.

அன்றியும், அசையும் படிமம் நமக்கு மேனாட்டார் கொடுத்த புதுப்பொருள் என்று எண்ணுதல் தவறு. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் வினோதக் கூத்தின் வகைகளை எண்ணுமிடத்துத் தோற்பாவைக் கூத்தையும் ஒன்றாக வைக்கின்றார். விளக்கொளி, தோலில் வெட்டி வண்ணமிட்ட உருவம், வெள்ளைத் திரை, இருளில் இருக்கும் மக்கள்: சினிமாக் கொட்டகைக்கு வேண்டியன யாவும் அங்குள. மலானி அம்மையாரும் பிற்காலத்தில் இவ்வழிக்கே திரும்பினார். ஒளிபுகும் உருளைகளில் உருவங்களை எழுதி, அவற்றைச் சுழலவிட்டு, சுவர்களில் நிழல்கள் ஒன்றையொன்று துரத்தச் செய்யும் ஆக்கங்களைப் படைத்துவந்தார். எட்டு மில்லிமீற்றரிற் சுவரையும் நிழலையும் மயங்கவிட்ட மாணவியின் கை அங்கே தெரிகின்றது.

ஆசிரியர்க்கு இன்னொரு செய்தி கூறல் வேண்டும். அது பாதுகாப்புப் பற்றியது. பதம்சீ 1969இல் 'முகில் அறையில் நிகழ்வுகள்' என்னும் வேறொரு படத்தையும் செய்தார். தம் ஓவியம் ஒன்றனையே வண்ண ஒளியால் மீளப் படைத்த ஆறு நிமிடப் படம். இசை கீதா சாராபாய் அமைத்தது. அதற்கு ஒரேயொரு படியே இருந்தது. கண்காட்சிக்கென்று தில்லிக்கு அனுப்பப்பட்ட அப்படி திரும்பிவரவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பின்னர் ஆசிம் அலுவாலியா என்னும் இயக்குநர், முதுமையடைந்த ஓவியரை அருகிருத்தி, அவர் நினைவிலிருந்து அதனை மீட்க முயன்று 2016இல் அதே பெயரிற் படமொன்று செய்தார். மீண்டது படமன்று, படத்தின் நினைவு. ஆசானின் படம் தொலைந்தது; மாணவியின் பயிற்சிப் படம் எஞ்சியது. 'கனவு வீடுகள்' 1969இலேயே புள்ளியிடப்பட்டுக் குப்பையிற் போடப்பட்டிருந்தால், 1976இன் ஆக்கம் பிறந்திராது. மாணாக்கரின் ஆக்கத்தைப் பரீட்சை முடிந்ததும் கழிக்கும் வழக்கமுள்ள இடங்களில் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1981இல் நூலகம் எரியக் கண்ட யாழ்ப்பாணத்தார்க்கு ஒரேயொரு படியின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வீடு என்னும் பொருளையே கொண்டு யாழ்ப்பாணத்திலும் ஓர் ஆக்கம் எழுந்துள்ளது. அது படமன்று, நூல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியரான தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்பது அதன் பெயர். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை எடுத்து, போரால் இடம்பெயர்ந்தவர்களின் இழந்த வீடுகளுக்கு அவர் சூட்டினார். வீட்டை விட்டோடியவர் தம் நினைவிலிருந்து கையால் வரைந்த நிலப்படம். அதனை அளவிட்டுக் கட்டடக்கலைஞர் முறையில் எழுதிய வரைவு. அதன் வழியே ஓவியர் தீட்டிய படம் என ஒவ்வொரு வீடும் மூன்று முறை தோன்றுகின்றது. தாளைப் புரட்டப் புரட்ட ஒரு வீடு மற்றொன்றாக உருமாறுகின்றது. கோணலாக வரைந்த கிணறும், பெயரெழுதிய மாமரமும், அளவுகோலின் கோட்டுக்குள் வந்ததும் எதையோ இழக்கின்றன. ஓவியரின் தாளில் வேறெதையோ பெறுகின்றன. கமராவும் திரையும் இன்றி இதுவும் சட்டம் சட்டமாக நகரும் படிமமே என்பேன்.

பம்பாய் மாணவி கட்டப்படாத வீட்டைக் கனவு கண்டார். இங்குள்ளவர் கட்டி வாழ்ந்து இழந்த வீட்டைக் கையால் வரைந்து காட்டினர். அந்நிலப்படங்களுள் ஒன்றை எடுத்து, அதன் அறைகளில் ஒவ்வொன்றாக ஒளியேற்றி, நிமிடத்திற்கு ஆயிரம் முறை விசையை அழுத்தத் துணியும் மாணாக்கன் ஒருவன் நம் வகுப்புகளில் இருக்கக்கூடும். அவனுக்கு வேண்டுவன ஒரு மேசை, இரண்டு விளக்குகள், நிறக் கண்ணாடித்தாள் சில, கதவைப் பூட்டிக்கொள்ள ஒரு வார விடுமுறை. செய்து முடித்தபின் அப்படத்தின் இரண்டாம் படியை வைப்பதற்குக் கல்லூரி நூலகத்தில் ஓர் இழுப்பறை.